தாரிக் அளவுக்குச் செய்த கார்

ஜாஹிதா மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரத்துக்கும் அந்தக் கார் ஓடும் நேரத்துக்கும் என்ன பொருத்தமோ தெரியாது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினால் போதும், கீழே எஞ்சின் உறுமும். துடியலூருக்கு மேற்கே, மனை பிரித்துத் தார்ச்சாலையும் போட்டு, விலை போகாமல் கிடக்கும் பெரிய சைட் ஒன்று அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கல் நட்ட மனைகளில் மயில் மேயும். அந்தக் காலிச் சாலையில் சிவப்பாக, தாழ்வாக, கூரையில்லாத இரண்டு சீட்டுக் கார் ஒன்று போகும். ஓட்டுகிறவரின் முதுகு மட்டும் தெரியும். இடது தோள் இறங்கி, தலை வலப்பக்கம் சாய்ந்த முதுகு. ஜாஹிதா கையிலிருக்கும் துணியைக் கொடியில் போடாமல் நிற்பாள். ஓட்டுகிறவர் ஒரு நாள் ஆனைகட்டி ரிசார்ட்காரராக இருப்பார், இன்னொரு நாள் பொள்ளாச்சித் தோப்புக்காரராக இருப்பார். முதுகு மட்டும் ஒரே முதுகு. நாலு வருடத்துக்கு முன்னால் இறந்துபோன அவள் புருஷன் தாரிக்கின் முதுகு.

அவளோடு நின்று நானும் பார்த்திருக்கிறேன். தாரிக் என் அண்ணன் மகன். அண்ணன் பிள்ளைகளுக்கு நான் மாமி, அவர்களோடு அதே வீட்டில்தான் இருக்கிறேன். என் அண்ணன் நசுருதீனுக்கு ஆண் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் யாகூப், அடுத்தவன் தாரிக். இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்த பெண் குழந்தை தங்கவில்லை. அண்ணன் மனைவி எங்கள் பெரியம்மா வழியில் உறவு, திருப்பூர்ப் பக்கத்துப் பெண். தாரிக் பால் மறப்பதற்கு முன்பே அவள் கண்ணை மூடிவிட்டாள். அப்புறம் தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமந்தது யாகூப்தான். இளம்பிள்ளை வாதம் வந்து தாரிக்கின் இடது கால் சூம்பிக் குட்டையானதும் அந்தச் சுமை இன்னும் கூடியது. தம்பிக்குப் பெண் பார்த்த வயதில் யாகூப் தனக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்த்துக்கொள்ளவில்லை.

நசுருதீனுக்கு உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் கடை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சாமானை எடுத்தாலும் முதலில் விலை சொல்ல மாட்டார். வாங்க வந்தவரின் கையைப் பிடித்து, சாமானில் எங்கே விரிசல் இருக்கிறதோ, எங்கே பல் தேய்ந்திருக்கிறதோ, அங்கே அவர் விரலை வைத்து அழுத்துவார். "தொட்டுப் பாத்துக்கங்க, இதான் குறை" என்பார். விலை அதற்கப்புறம்தான், அதுவும் ஒரே ஒரு தடவை. குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இருக்காது, விருத்தியாகாது, அது வீட்டுக்குள் வந்தால் வீட்டில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது அவர் நம்பிக்கை. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் தங்கள் வீட்டு வண்டிக்குச் சாமான் வேண்டுமென்றால் இவர் கடைக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.

அண்ணன் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கடையைக் கொடுத்துவிட்டுத் துடியலூர்ப் பக்கம் இடம் வாங்கினார்கள். முன்னால் வீடு, பின்னால் ஷெட். நசுங்கிய காரைத் தட்டி நேராக்குகிற வேலை. யாகூப் தட்டுவான், தாரிக் பெயின்ட் அடிப்பான். தாரிக் சிறு வயதில் அத்தாவோடு ஒரு மில்காரர் பங்களாவுக்குப் போனபோது அங்கே வெள்ளைக்காரன் காலத்துப் பந்தயக் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறான். அதன் பேர் என் வாய்க்கு வராது. வளர்ந்து கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அதையே பேசிக்கொண்டிருந்தான். கடைசியில் யாகூப், "பேசிப் பேசிக் காதைத் திங்காதடா, கட்டிப்போடுவோம்" என்று ஆரம்பித்தான்.

காரின் அடிச்சட்டத்தைத் தாங்களே பற்றவைத்தார்கள். எஞ்சின் ஒரு பழைய வேனுடையது. உடம்பு முழுக்க அலுமினியத் தகட்டைக் கையாலேயே தட்டிப் போடுவதாக இருந்தது. சீட்டுக்குத்தான் யாகூப் ஒரு வேலை செய்தான். செங்கல் அடுக்கி, அதன்மேல் தாரிக்கை உட்கார வைத்து, கெட்டிக் கம்பியை வளைத்து வளைத்து அவன் முதுகு, இடுப்பு, தோள் எல்லாவற்றுக்கும் அளவெடுத்தான். குட்டைக் காலால் கிளட்சை எட்டி மிதிக்க தாரிக் இடது இடுப்பை முன்னால் தள்ளித்தான் உட்காருவான். அப்போது தோள் இறங்கும், தலை மறுபக்கம் சாயும். அவன் எப்படி உட்கார்ந்தானோ அப்படியே கம்பியும் வளைந்தது.

"ஏண்ணே, எனக்குச் சட்டை தெக்கிறியா, காரு கட்டறியா?" என்று தாரிக் நெளிவான். "கூச்சமா இருக்குது."

"ஆடாம உக்காருடா. நீ ஆடினா காரும் ஆடும்."

ரெக்ஸின் தைக்க வந்திருந்த சந்தியாகு வாசலில் நின்று பார்ப்பார். உக்கடத்தில் இருந்தபோதே பழக்கம், வண்டி சீட்டு தைப்பதில் பேர் எடுத்தவர். "பாய், பொண்ணுப் பாக்க வந்தவங்க கூட இத்தனை மேலயும் கீழயும் பாக்க மாட்டாங்க" என்பார். கிளட்ச் மிதியடியில் ஓர் இரும்புக் கட்டையை வைத்து அதையும் தாரிக்கின் கால் எட்டும் தூரத்துக்கு இழுத்துவிட்டார்கள். கதவின் மேல் விளிம்பைக் குடைந்து அவன் வலது முழங்கை தங்க இடம் செய்தார்கள்.

கம்பிக்கூடு முடிந்தது. தகடு போடுவதற்குள் பெருநாள் வந்தது. பெருநாள் கழிந்த கையோடு அந்த நோய் வந்தது.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோது தாரிக் படுக்க மாட்டேன் என்று தானாகவே நடந்து போய் ஏறினான். ஜாஹிதாவுக்கும் யாகூபுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கதவு சாத்தும்போது விரலால் வண்டியின் பக்கவாட்டில் தட்டினான். ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. வெளியே போய்விட்டு மூணு சக்கர ஸ்கூட்டரில் திரும்பி வந்தால், ஜாஹிதா கேட்டைத் திறக்க அவன் தட்டுகிற தட்டு அது. அவ்வளவுதான். மையத்தை, அவன் உடலை, யாரோ தொண்டு செய்யும் பிள்ளைகள் உறை போட்டுக் கொண்டுவந்தார்கள். கபுறுக்குழிக்குத் தள்ளி நின்றுதான் தொழ விட்டார்கள். முகத்தைத் திறந்து காட்டவில்லை. யாகூப் திறக்கச் சொல்லிக் கேட்டான். பாவம், அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்.

ஜாஹிதா வெளியே வராமல் இத்தா இருந்த துக்க நாட்களில் ஷெட்டில் அந்தக் கம்பிக்கூடு மட்டும் உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த ஆளின் வடிவம், உள்ளே ஆள் இல்லை. மேல்காற்று அடித்தால் லேசாகத் திரும்பும். நான் ஒரு நாள் சாயா கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள், அது என் பக்கம் திரும்பியதைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். "அதக் கழட்டி வீசச் சொல்லுங்க மாமி" என்றாள் ஜாஹிதா. யாகூப் வீசவில்லை. அதை வைத்தே தகட்டைத் தட்ட ஆரம்பித்தான். வேலைக்கு வந்த வண்டிகளை முடித்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் அதுதான். கார் முடிந்தது. சிவப்பு பெயின்ட்டும் அவனே அடித்தான், தம்பி கலந்து வைத்திருந்த டப்பாவிலிருந்து.

விற்கலாம் என்று சொன்னதும் யாகூப்தான். "தம்பியோட உழைப்பு இதுல இருக்குது. ஜாஹிதாவுக்கும் புள்ளைக்கும் போய்ச் சேர வேண்டியது" என்றான். சந்தியாகு தன் மகள் ஆஷ்லியை விட்டுப் படம் பிடித்து ஃபோனில் போடச் செய்தார். அன்றிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

யாகூப் வந்தவர்களிடம் அத்தா மாதிரியே குறைகளைச் சொல்வான். கையைப் பிடித்துத் தொடவும் வைப்பான். "இதுக்குக் காகிதம் கிடையாதுங்க, ரோட்டுக்கு எடுத்தா புடிச்சுப் போடுவாங்க. உங்க தோட்டத்துக்குள்ள, ரிசார்ட்டுக்குள்ள ஓட்டிக்கலாம். மழை பேஞ்சா நனைவீங்க. இந்தா, இந்த மூலைல தகடு சித்த மெல்லிசு." எல்லாம் சொல்வான். அப்புறம் சாவியைக் கொடுப்பான். "ஓட்டிப் பாருங்க."

உட்காரும்போது சாதாரணமாகத்தான் இருப்பார்கள். முதல் திருப்பம் திரும்பி வரும்போது இடது தோள் இறங்கியிருக்கும். தகடு அப்படி. இடுப்பு அந்தப் பள்ளத்துக்குள் தானாகப் போய் விழும், கட்டை வைத்த கிளட்ச் காலை மடக்கும், தலை சாயும். அது எனக்கும் புரிகிறது. புரியாதது ஒன்று உண்டு. குடைந்த கதவில் முழங்கை தங்கியதும் எல்லோருடைய விரலும் வெளித் தகட்டில் தட்டும். ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. தாரிக்கைக் கண்ணால் பார்த்திராத மனிதர்கள். இறங்கிய பிறகு நாலைந்து அடி இடது காலை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். "மரத்துப் போச்சுங்க பாய்" என்று சிரிப்பார்கள். யாகூப் சிரிக்க மாட்டான். அவர்கள் ஓட்டும்போது ஷெட் வாசலில் நின்று, அந்த முதுகு சாலை முனையில் திரும்பி மறையும் வரைக்கும் இமைக்காமல் பார்ப்பான்.

ஒரு நாள் சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்த நேரம். பல்லடத்திலிருந்து வந்த ஒருவர் காரை ஓட்டி வந்து எங்கள் கேட்டை ஒட்டி நிறுத்தினார். கதவில் தட்டினார். ஹாலில் எழுதிக்கொண்டிருந்த உஸ்மா, தாரிக்கின் மகள், பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் அத்தா போகும்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும். அந்தத் தட்டு மட்டும் எப்படியோ அவளுக்குள் தங்கியிருக்கிறது. கேட்டைத் திறந்து, "அத்தா" என்றாள். கண்ணாடி போட்ட யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்ன பாப்பா?" என்றார்.

உஸ்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டால் போய்க் கேட்டுக்கு உள்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வாள். கார் நின்றதும் எழுந்து வருவாள். கேட்டால், "சும்மா" என்பாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜாஹிதா பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, ஷெட்டில் இருந்த யாகூபைக் கூப்பிட்டாள்.

"பெரிய மச்சான், ஒண்ணு சொல்லணுமுங்க."

"சொல்லும்மா."

"பாலக்காட்டுல எங்க ஆரிஃப் அண்ணன் வரச் சொல்றாரு. புள்ளைக்கு அங்க பள்ளிக்கூடத்துல எடம் கேட்டு வெச்சிருக்கறாரு. இந்தப் பரீச்சை முடியறதுக்குள்ள அந்த வண்டி போகோணும். இல்லீன்னா நானும் புள்ளையும் போறோமுங்க."

யாகூப் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான். "வித்துப்போடறேன்மா" என்றான்.

"நீங்க விக்கறீங்கன்னு எனக்குத் தோணலீங்க."

அவ்வளவு வெட்டாக அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. உள்ளே வந்து, மூட்டை கட்டுகிற பெரிய பையைப் பரணிலிருந்து இறக்கி ஹாலில் வைத்தாள். உஸ்மாவின் ஸ்வெட்டர் முதலில் அதற்குள் போனது. யாகூபுக்கு அந்தக் குழந்தையை விட்டால் வீடு என்று சொல்ல என்ன இருக்கிறது? காலையில் அவளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிடுகிற கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவன் முகத்தில் தண்ணீர் படும்.

மறுநாள் சந்தியாகு வந்தார். இருவரும் விலை பேசினார்கள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"வெலைன்னா மூணு கணக்கு இருக்குதுங்க பாய்" என்றார் சந்தியாகு. "சாமானு, கூலி, பேரு. சாமானு காயலாங்கடைச் சரக்கு. கூலி உங்களுது, அதுக்கு ரசீது இல்ல. பேரு இங்கிலீஷ்காரனுது. அதுக்குக் காசு கேட்டா அவன் உங்க மேல கேசு போடுவான்."

"அப்பறம் என்னதான் சொல்றது?"

"ஆறு லச்சம் சொல்லுங்க. அஞ்சே முக்காலுக்குத் தள்ளிப்போடலாம்."

"ஒம்பது."

"அந்த ஆனைகட்டிக்காரரு போன வாரம் ஒம்பதுக்குச் சரின்னு சொன்னாரே? அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

யாகூப் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான்.

"பன்னெண்டுன்னு சொன்னீங்க. அந்த மனுசன் என்னைக் கூப்பிட்டு, 'ஏனுங்க சந்தியாகு, உங்க பாய் வண்டியவிட வெலை வேகமா ஓடுது'ன்னு சிரிக்கறாரு. நீங்க விக்கறீங்களா, ஓட்டக் குடுக்கறீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

சந்தியாகு சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பும் போய்விட்டது. டீயைக் குடிக்காமலே எழுந்து, "வாரேனுங்க" என்று போய்விட்டார்.

அவர் போனபிறகு நான் கேட்டேன். "ஏன்டா கண்ணு, அந்தச் சீட்டை நேராக்க எத்தனை நேரமாகும்?"

"ஒரு பகலு."

"கிளட்சுக் கட்டை?"

"ரெண்டு போல்ட்டு, மாமி."

"அப்பறம் என்ன?"

அவன் கீரைக் காம்புகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டான். "மொகத்தக் காட்டலையே மாமி" என்றான். "முதுகத்தானே காட்டிப்போட்டுப் போனான். நான் கடைசியா பாத்தது அதத்தான். எனக்கு அது போதுமுன்னு இருந்தேன். வாரவங்க ஒரு ரவுண்டு ஓட்டினா நான் ஒரு தடவ பாத்துக்கறேன். தட்டினா கேட்டுக்கறேன். வெலையச் சரின்னு சொல்லிப்போட்டா வண்டி போயிரும். அவனும் போயிருவான்."

நான் ஹாலில் திறந்து கிடந்த பையைத்தான் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

பரீச்சை ஆரம்பித்துவிட்டது. அந்த வாரத்தில்தான் சூலூர் சசிதர் வந்தார். விசைத்தறிக்குச் சாமான் செய்கிற பட்டறை வைத்திருப்பவர், தென்னந்தோப்பில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு உள்ளே ஓட்ட ஒரு கார் வேண்டுமாம். மனைவி அக்ஷிதாவையும் கூட்டி வந்திருந்தார். வேலை தெரிந்த மனிதர். காரைச் சுற்றி வந்து, தகட்டில் விரலைச் சுண்டிப் பார்த்து, "மிசினு படாத வேலைங்க பாய், கையெழுத்தாட்டம் இருக்குது" என்றார். யாகூப் வழக்கம்போல் குறைகளைத் தொட வைத்தான், சாவியைக் கொடுத்தான்.

நானும் ஜாஹிதாவும் மாடியில் இருந்தோம். கீழே கேட்டுக்குப் பின்னால் உஸ்மா குத்தவைத்திருந்தாள்.

அன்று வெயில் தாழ்ந்து மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு மயில் எங்கோ அகவியது. கார் போனது, திரும்பியது. தோள் இறங்கியது. மற்றவர்களுக்குச் சாய்ந்ததைவிட சசிதருக்கு இன்னும் அதிகமாகவே சாய்ந்தது. தாரிக்கின் உடல்வாகுதான் அவருக்கு. எதிர்வெயிலில் முகம் தெரியவில்லை. ஜாஹிதாவின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. வாசலில் வந்து நின்றதும் கதவில் தட்டினார். ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம்.

மூணாவது தட்டு வருவதற்குள் அக்ஷிதா, "ஏனுங்க!" என்றாள். சத்தம் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. "கீழ எறங்குங்க."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க திரும்பி வாரப்ப யாரோ வாராங்கன்னு நெனச்சுப்போட்டேன். சேலையெல்லாம் சரி பண்ணிட்டேன், அசலூர் ஆளுன்னு." சிரிக்கப் பார்த்தாள்.

சசிதர் இறங்கினார். இடது காலை இழுத்து இழுத்து யாகூபிடம் வந்தார். "வண்டி எனக்குப் புடிச்சிருக்குதுங்க. எத்தனை?"

"பன்னெண்டு."

"எச்சுதான். ஆனாச் சரீங்க. குடுத்தர்றேன்."

யாகூபின் வாய் திறந்தது. அடுத்த எண் அதில் தயாராக நின்றது. பதினைந்தோ, இருபதோ. அதற்குள் ஜாஹிதா வாளியை விட்டுவிட்டுப் படியிறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். கேட்டைத் திறந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத ஆண் ஒருவரிடம் அவளாகப் பேசினாள்.

"ஏனுங்க, அந்த வண்டில இன்னொரு குறை இருக்குதுங்க. எங்க பெரிய மச்சான் சொல்லலீங்க. மாமா இருந்திருந்தா மொதல்ல அதத்தான் தொட வெச்சிருப்பாரு. அதச் சொல்லச் சொல்லுங்க. அப்பறமா வெலை பேசுங்க."

நசுருதீனை அவள் பார்த்ததே இல்லை. அவருடைய வழக்கத்தைத் தாரிக் சொல்லித்தான் கேட்டிருப்பாள். சசிதர் அவளையும் யாகூபையும் மாறி மாறிப் பார்த்தார். உஸ்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாகூப் உஸ்மாவைப் பார்த்தான். அப்புறம் சசிதரின் கையைப் பிடித்தான். என் அண்ணன் பிடிக்கிற மாதிரியே, மணிக்கட்டுக்கு மேலே, குழந்தை கையைப் பிடிப்பதுபோல. காருக்குள் குனிய வைத்து, சீட்டின் இடது பக்கம், ரெக்ஸினுக்கு அடியில் தகடு பள்ளமாகும் இடத்தில் அந்தக் கையை வைத்து அழுத்தினான்.

"தொட்டுப் பாத்துக்கங்க. இங்க என்ற தம்பி உக்காந்திருக்கறான்."

"பாய்?"

"அவன உக்கார வெச்சு அளவெடுத்துச் செஞ்சதுங்க. அவனுக்கு ஒரு காலு சிறுசு. யாரு உக்காந்தாலும் அவனாட்டத்தான் உக்காருவாங்க. அவன் இல்லீங்க இப்ப. நாலு வருசமாச்சு. நான் சொல்லாம மறைச்சுப்போட்டேன். சொன்னா நேராக்கிக் குடுங்கன்னு கேப்பீங்கன்னு."

சசிதர் கையை எடுக்கவில்லை. உள்ளே எதையோ தேடுவதுபோல் விரல்களை நகர்த்தினார். அக்ஷிதா ஓரடி பின்னால் போனாள்.

"நேராக்க முடியுங்களா?" என்றார் கடைசியில்.

"முடியுமுங்க."

"அப்ப நேராக்கிக் குடுங்க. என்ற தோட்டத்துல கல்யாணம் நடக்கறதுங்க பாய். அங்க இதோட வரக் கூடாது. தப்பா நெனைக்காதீங்க."

"இதுல தப்பென்னங்க."

"வெலை?"

"ஆறுங்க" என்றான் யாகூப். "ஒரு தடவைதான் சொல்லுவேன். அதுக்கு மேல ஏறவும் மாட்டேன், எறங்கவும் மாட்டேன்."

"பன்னெண்டுக்கே நான் சரின்னனே! குறைக்கு அத்தனையுமா கழிக்கறீங்க?"

"குறைக்குக் கழிக்கலீங்க. சாமானுக்கும் தம்பி வேலைக்கும் ஆறு. மிச்சம் என்ற கூலி. அத நான் வாங்கிப்போட்டேன்." சைட் சாலையைக் காட்டினான். "வந்தவங்க அத்தன பேரும் ஓட்டி ஓட்டிக் குடுத்துட்டாங்க."

மறுநாள் காலையில் சீட்டுத் தகட்டைக் கழற்றினான். ரெக்ஸினைப் பிரிக்கச் சந்தியாகு வந்தார், ஆனால் தட்டும்போது இருக்க மாட்டேன் என்று டவுனுக்குப் போய்விட்டார். தகட்டை மரக்கட்டையில் கவிழ்த்து வைத்து யாகூப் அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் நிறுத்துவான். அடுப்படியில் ஜாஹிதா வெங்காயம் அரிந்துகொண்டே இருந்தாள், குழம்புக்கு வேண்டியதற்கு மேல். சத்தம் நிற்கும்போதெல்லாம் அவள் கத்தியும் நிற்கும். ஒரு தடவை ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். யாகூப் பாதி நேரான அந்தத் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். அப்புறம் பிஸ்மி சொல்லி மறுபடியும் அடித்தான். பொழுது சாயும்போது முடிந்தது. கிளட்சுக் கட்டையைக் கழற்றினான். கதவின் குடைவையும் தகடு வைத்து மூடினான். உத்தரத்தில் தொங்கிய கம்பிக்கூட்டை இறக்கி, ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்தி, ஒரு கட்டாகக் கட்டி மூலையில் சாத்தினான்.

பணம் வந்தது. அதை ஜாஹிதாவின் கையில்தான் கொடுக்க வைத்தான். மார்க்கப்படி தம்பி சொத்தில் அண்ணனுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பற்றி நான் வாயெடுத்தபோது, "அது புள்ளைக்கு மாமி" என்று முடித்துவிட்டான். ஜாஹிதா அன்றைக்கே ஆரிஃபுக்கு ஃபோன் போட்டாள். பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து அலமாரியில் வைத்தாள். பையைப் பரணில் ஏற்றச் சொல்லி யாகூபிடமே கொடுத்தாள்.

காரைச் சூலூருக்கு லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் சீட் எப்படி இருக்கிறது என்று பார்க்க சசிதர் ஒரு ரவுண்டு போய் வருகிறேன் என்றார்.

நாங்கள் மாடியில் இருந்தோம். யாகூப் ஷெட் வாசலில் நின்றான். எஞ்சின் சத்தம் கேட்டதும் உஸ்மா கேட்டுக்குப் பின்னால் வந்து குத்தவைத்தாள்.

கார் போனது. முதல் திருப்பம் திரும்பியது. இரண்டு தோளும் சமமாக, தலை நேராக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரு மனிதர் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அந்தக் காரில் சசிதர் மட்டும் போனார். மயில்கள் ஒதுங்கி வழிவிட்டன. சாலை முனைவரை போய், திரும்பி, எங்கள் கேட்டை ஒட்டி வந்து நின்றது.

ஜாஹிதா ஈரச் சட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே யாகூபும் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, காது கொடுத்து நின்றான். சசிதர் கை இரண்டையும் ஸ்டீயரிங்கை விட்டு எடுக்கவில்லை. எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து, இறங்கி, நேராக நடந்து லாரிக்காரரிடம் போனார்.

உஸ்மா இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அப்புறம் எழுந்து, பாவாடை மண்ணைத் தட்டிவிட்டு, உள்ளே படிக்கப் போனாள்.

லாரி கிளம்பிப் போய், தார்ப்பாய் மறைந்து, தூசியும் அடங்கிவிட்டது. "வா அம்மணி, துணியப் போட்டுட்டுக் கீழ எறங்கலாம்" என்றேன். ஜாஹிதாவுக்கு அது கேட்கவில்லை. வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கார் ஓடின நாளில்கூட அவள் அத்தனை நேரம் நின்றதில்லை.